ஒன்பதுக்கு ஆறு

ட்ரோக்கன்ரோட. ஜெர்மன் அறிந்தவர்க்குப்
பெயரிலேயே நாக்கு வறளும்.
ஓடை ஒன்று உண்டு,
ஆகஸ்டில் வாத்து நடந்தே கடக்கும்.
அந்த ஊரின் கேடயத்தில்
நீலப் பரப்பில் ஒரு வெள்ளி மீன்.

ஐம்பத்து மூன்று, நவம்பர்.
ஊருக்கொரு சின்னம் வேண்டுமென்று
மாவட்டத்துத் தாக்கீது.
மதுக்கடைப் பின்னறையில் பதினைந்து பேர்,
ஈரக் கோட்டுகளின் வாடை,
மேசை நடுவே பழைய வரிப்பத்திரம்.
அதில் தொங்கும் அரக்கு முத்திரையில்
இரு முனையும் கூர்ந்த ஏதோ ஒன்று,
ஒரு புள்ளியோடு.

"மீன். கண் தெரிகிறதே"
என்றார் பன்றிப்பண்ணை ஓட்டோகர் ஷ்டிம்பெல்.

"கண் இல்லை, துளை.
இது தறியில் ஓடும் ஓடம்.
லினன் துணிக்குத்தான் இந்த வரி,
படித்துப் பாருங்கள்"
என்றாள் ரோஸ்வித்தா ஹாங்கெ.
அவளுக்கு வாக்கு இல்லை,
குறிப்பெடுக்கும் வேலை.

யாரும் படிக்கவில்லை.
மீன் வரையச் சுலபம் என்றது ஒரு குரல்.
கை தூக்கினார்கள்.
மீனுக்கு ஒன்பது, ஓடத்துக்கு ஆறு.
ஊரில் இருந்த ஒரே ஆறும்
அன்று தோற்றது.

நகரத்திலிருந்து வந்த ஓவியர் சட்டம் சொன்னார்:
உலோகத்தின் மேல் உலோகம் கூடாது,
நிறத்தின் மேல் நிறம் கூடாது.
அப்புறம், வலம் என்றால்
பார்க்கிற உங்கள் வலம் அல்ல;
கேடயத்தைப் பிடித்துப்
பின்னால் நிற்பவனுடைய வலம்.

பின்னால் நிற்பவன்.
போர் முடிந்து எட்டு வருஷம்.
கணப்பில் விறகு சரிந்தது.
இரண்டு மகன்களின் தகப்பன் ஷ்டிம்பெல்
குடிக்காத கோப்பையைத்
திருப்பித் திருப்பி வைத்தார்.

சுத்தப்படி எடுத்தவள் ரோஸ்வித்தா.
வெள்ளி மீன், வலம் நோக்கியது
என்று தட்டச்சு செய்து,
கொஞ்சம் யோசித்து,
ஒரு காற்புள்ளி போட்டு,
'கண்ணிலிருந்து இறங்கும் ஒரு வெள்ளி இழை'
என்றும் சேர்த்தாள்.
ஆவணக் காப்பகம் முத்திரை குத்திவிட்டது.

தூண்டில் நூல் என்பார்கள் வெளியூர்க்காரர்கள்.
கண்ணில் தூண்டில் மாட்டி
எவன் மீன் பிடிப்பான்?
மீன் அழுகிறது என்று பிள்ளைகள்
பந்தாட்டச் சட்டையைக் காட்டும்.
ரோஸ்வித்தாவைக் கேட்டால்
"ஓடம் என்றால் நூல் இருக்கும்" என்பாள், அவ்வளவுதான்.

ஷ்டிம்பெல் எதுவும் கேட்டதில்லை.
ஒவ்வொரு வசந்தத்திலும் தீயணைப்பு வண்டியைக்
கழுவும் முறை அவருக்கு வரும்போது
கதவில் இருக்கும் அந்தக் கோட்டை மட்டும்
கட்டைவிரலால் துடைப்பார்,
ஒரே தடவை, வேகமாக,
குழாயை மூடப் போனவன்
திரும்புவதற்குள்.