அரைப்பேர்

வேன் கதவில் ஒட்டியிருக்கிறது என் பிழைப்பு:
ஒரு யானை, ஒரு அருவி,
கூடையோடு சிரிக்கும் ஒரு பெண்,
கீழே, மூன்று நாள் இரண்டு இரவு, சாப்பாடு உட்பட.

பொத்துவிலில் இருந்து ஆட்களை
மலைக்கு ஏற்றிப் போவதுதான் வழக்கம்.
இந்தமுறை மலை இறங்கி வந்தது.
மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம், மேல்பிரிவு,
பதினொரு பெண்கள்,
இரண்டு வருடச் சீட்டுக்காசு,
வாந்திக்கு ஆளுக்கொரு எலுமிச்சம்பழம்.

நான் பாடமாக்கியிருந்ததில் பாதி வீணாய்ப் போயிற்று.
தேயிலை ஏன் உயரத்தில் செழிக்கிறது என்று
யாருக்குச் சொல்ல?
வளைவுகளில் வாய்மூடி இருந்தேன்.
முன்சீட்டில் இருந்து சிவனம்மாதான்
எனக்கு மலையைக் காட்டிக்கொண்டு வந்தார்.
'அந்தா தெரியிறது கவ்வாத்து வெட்டுன மலை.
அதுக்கு மேல அட்டை.
அதுக்கும் மேல சிறுத்த,
போன மாசம் எங்க லயத்து நாயத் தூக்கிருச்சு.
அதப் பாக்க டிக்கெட் இல்ல தம்பி.'

லகுகலைக் குளத்தடிக்கு வர நாலரை மணி.
குணபால எஞ்சினை நிறுத்தினான்.
முதலில் கொக்குகள்தான்.
மறுகா,
புல்மேடு என்று பார்த்துக்கொண்டிருந்தது
காதை ஆட்டியது.

பதினேழு. இல்லை, குட்டியோடு பதினெட்டு.
எனக்குப் பேச்சுத் திரும்பக் கிடைத்தது.
'ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோ தின்னும்கா.'
யாரும் வாய்பிளக்கவில்லை. கணக்குப் பார்த்தார்கள்.
ஆளுக்குப் பதினெட்டுக் கிலோ என்றால்
எட்டுப் பேர் சொச்சம்.
'எட்டுப் பேரு பறிக்கிறத ஒண்ணே திங்கிது,
நம்ம தொரைய விடக் கொறச்சல்தான்'
என்றாள் யோகமலர்.
வேன் குலுங்கச் சிரித்தார்கள்.
சத்தம், சத்தம் என்று கை காட்டினேன்.

சிவனம்மா சிரிக்கவில்லை.
கூட்டத்தை விட்டு ஒதுங்கி நின்ற
வயதான பெண்யானையையே பார்த்திருந்தார்.
அது காலால் தட்டி இளக்கி,
தும்பிக்கையால் சுற்றிப் பிடுங்கி,
முன்காலில் இரண்டு தரம் அடித்து
மண் உதிர்த்து
பிறகுதான் வாய்க்குள் வைத்தது.
தலை நிமிரவே இல்லை.
'ஒத்தக் கைதானே பாவம்' என்றார்.
'சாயந்தரம் தராசுல
இதுக்கு அரைப்பேர்தான் விழும்.'

குளத்துக்கு அந்தப்பக்கம் வட்டை.
இன்றிரவு என் மச்சான் பரணில் இருப்பான்,
ஒரு டோர்ச், நாலு யானைவெடி.
வருகிறவர்களுக்கு இதை நான் சொல்வதில்லை.
இவர்களுக்குச் சொன்னேன்.
'ராக்காவலுக்குப் பேரு போடுவாங்களா?'
'இல்லகா, அது சொந்த வட்டை.'
'சொந்தம்' என்றாள் ஒருத்தி.
அதற்குப் பிறகு கொஞ்சநேரம்
யானை புல் பிடுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

புறப்படுமுன் யோகமலர் போனைத் தூக்கினாள்.
'யானையக் காட்டுற மாதிரி நில்லுங்க.
அப்பிடியில்ல, கைய ஒசத்தி.
கொஞ்சம் சிரிங்க தம்பி.'
மூன்று படம்.
பிறகு முந்தானை முடிச்சவிழ்த்து
நூறு ரூபாயை நீட்டினாள்.
'எங்களப் படம் எடுத்தா இதான் குடுப்பாங்க,
நீங்க கூட்டிட்டு வர்றவங்க.'
கேலியா என்று முகத்தைப் பார்த்தேன்.
கண்டுபிடிக்க முடியவில்லை.
எத்தனை வளைவில் வேனை நிறுத்தி
'ஒரு ஃபோட்டோ' என்று நான் கையசைத்திருப்பேன்.
வாங்கிக்கொண்டேன்.

இன்னொருத்தி வேன் கதவருகே குனிந்து
கூடைக்காரியின் விரல்களைப் பார்த்தாள்.
'கறையே இல்ல.
இவ ஒரு கொழுந்தும் கிள்ளுனவ இல்ல.'

இருட்டிவிட்டது. பொத்துவில் வெளிச்சம் தெரிந்தது.
வழிநெடுக ஒரு சொல் பேசாத பிள்ளை
பின்சீட்டில் இருந்து கேட்டாள்:
'கடலுக்கு டிக்கெட் இருக்கா?'

நான் திரும்புமுன்
குணபால தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்.
'கடல் சும்மா.'