சங்கிலிக்காரி

மூன்று பேர் நாங்கள்.
முன்கம்பு ஆர்விட், எண்கம்பு லைல்,
பின்கம்பு நான்.
இடையில் பத்துக் கெஜம் சங்கிலி.
ஆரஞ்சுச் சட்டை போட்டவர்கள்
கைதட்டக் கூடாது.

மற்ற நாட்களில்
தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுகிறேன்.
வடக்கு டகோட்டாவின் இந்த மூலையில்
என் தராசை இதுவரை யாரும் சந்தேகித்ததில்லை.
அதனால்தான் கல்லூரி கூப்பிட்டது:
"மார்லிஸ், சனிக்கிழமை மத்தியானம்,
சம்பளம் கிடையாது, சூப் உண்டு."

அணியின் பெயர் நாரைகள்.
முதல் ஆட்டம் நாற்பத்தொன்றுக்கு ஏழு.
ஏழின் தலைப் பல்புகள் எரியாமல்
பலகை அதை ஒன்று என்றது.
அந்த ஒன்றையும் படம் எடுத்துக்கொண்டார்கள் தாய்மார்கள்.

இரண்டாம் வாரம் தோற்றோம்.
மூன்றாம் வாரம் மின்னலுக்காக ஒரு மணி நேரம் காத்திருந்து
பிறகு தோற்றோம்.
வெளியூர்த் தோல்விகளை ரேடியோவில் கேட்டேன்,
கோதுமை கொட்டும் சத்தத்தில் பாதி காதில் விழாமல்.
தோற்றோம் என்கிறேன்.
தோற்றார்கள் என்றுதான்
சங்கிலிக்காரி சொல்ல வேண்டும்.

கோட்டோரம் நிற்பவளுக்கு
ஆட்டம் அதிகம் தெரியாது. கேட்கும்.
விலா எலும்பிலிருந்து காற்று வெளியேறும் ஓசை,
ஃபாலானிகோ தன் பாஷையில் முணுமுணுக்கும் எதுவோ,
பயிற்சியாளர் பிராண்ட்வோல்ட்
யாரையும் திட்டாமல் மாத்திரையை மெல்லும் சத்தம்.

அக்டோபரில் நிஜ நாரைகள் போயின,
தெற்கே, மிக உயரத்தில், கரகரத்துக்கொண்டு.
ஆட்டம் நின்றிருந்த நேரம்.
பதினொரு பையன்களும் தலைக்கவசத்தைக் கழற்றி
அண்ணாந்தார்கள்.
எதிரணியும்தான்.

டேவியன் ஃப்ளோரிடாக்காரன்.
குளிரில் அவன் கை வெடித்து
பந்தில் ரத்தம் ஒட்டியது.
மாட்டு மடிக்குத் தடவும் களிம்பு ஒரு டப்பா கொடுத்தேன்.
மோந்து பார்த்தான்.
"பசுவுக்கா?"
"பசு புகார் சொன்னதில்லை."

நவம்பர். ஒன்பது தோல்வி முடிந்து பத்தாவது ஆட்டம்.
பதினாறுக்குப் பதினான்கு.
இருநூறு பேர், அதில் பாதி போர்வைகள்.
இரண்டு நிமிடம் மிச்சம்.
நான்காவது முயற்சி, இரண்டு கெஜம் வேண்டும்.
டேவியன் போய்ச் சொருகினான்.
அவன்மேல் ஒரு குன்று விழுந்தது.

நடுவர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்.

கோட்டில் சங்கிலியைப் பிடித்திருக்கும் கிளிப்
என் பொறுப்பு.
கையுறைக்குள் விரல்கள் என்னுடையவை அல்ல.
நழுவியது.
ஒரு கணம்தான். குனிந்து மாட்டினேன்.
அதே கண்ணியிலா, பக்கத்துக் கண்ணியிலா?

நடந்தோம்.
மைதானத்தின் நடுவில் எவ்வளவு அமைதி.
சங்கிலி நிமிர்ந்தது.
பந்தின் மூக்கு கம்பைத் தாண்டியிருந்தது
ஒரு கோதுமை மணி அகலம்.

இருநூறு பேர் கத்தினார்கள்.
நான் கத்தவில்லை.
விதி அது என்று நினைத்திருப்பார்கள்.

மூன்று ஆட்டம் கழித்து உதைத்தான் ஒரு பையன்,
பெயர் ஸ்வென்ஸ்ருட், குழலூதும் குழுவிலும் இருப்பவன்.
நேராகத்தான் கிளம்பியது.
மேற்குக் காற்று அதை வாங்கி
கம்பத்துக்கு வெளியே வைத்தது.
வென்றிருந்தாலும்
பலகை பதினொன்று என்றே காட்டியிருக்கும்.

"நல்ல அளவு, மார்லிஸ்," என்றார் ஆர்விட்.
சூப் ஆறிப் போயிருந்தது. குடித்தேன்.

திங்கட்கிழமை ஒரு லாரியை
இரண்டு தரம் ஏற்றி இறக்கினேன்.
டிரைவர் கண்ணாடியை இறக்கி
என்ன ஆச்சு என்றான்.
ஒன்றுமில்லை. முள் ஆடியது.

செமஸ்டர் முடிந்து ஊருக்குப் போகும்முன்
டேவியன் கிடங்குக்கு வந்தான்.
டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தான்.
"அந்த அளவு," என்றான்,
"நீங்கள் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும்,
நான் தாண்டிவிட்டேன் என்று."

அவன் கைகளைப் பார்த்தேன்.
வெடிப்புகள் மூடியிருந்தன.

எனக்குத் தெரியாது
என்று சொல்ல வாய் எடுத்தேன்.
பின்னால் லாரி ஹாரன் அடித்தது,
ஏற்றியது சூரியகாந்தி,
பின்சக்கரம் இன்னும் தராசுக்கு வெளியே.
"முன்னால் வா," என்று கையசைத்தேன்,
"இன்னும் கொஞ்சம்."