பிரேக் ஜர்னி

ஜோவினின் கிராஃப் தாளில்தான் முதலில் போட்டேன்.
ஒரு கோடியில் பெரம்பூர், மறு கோடியில் சிம்லா.
ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர்.
ஆக்ராவுக்கு முன்பே தாள் தீர்ந்தது.
சோற்றுப் பருக்கையால் இன்னொன்றை ஒட்டினேன்.

அண்ணனுக்கு வருஷத்துக்கு மூன்று செட் பாஸ்.
இருபத்தாறு வருஷமாக
ரயில் பெட்டிக்கு ஜன்னல் மாட்டுகிறவர்
வேளாங்கண்ணிக்கு அப்பால்
ஜன்னல் வழியே எதையும் பார்த்ததில்லை.
மிச்சப் பாஸ்கள் டிசம்பரோடு செத்துப்போகும்.

பாஸில் ஐந்து பெயர். கடைசி என்னுடையது.
நேரே எழுதியிருக்கும்:
தங்கை, மணமாகாதவர், சார்ந்தவர்.
நாற்பத்து மூன்று வயசு.
புடவைக்கு ஃபால்ஸ் அடித்து
மாசம் நாலாயிரம் வருகிறது.
அது எந்த ஆபீஸ் காகிதத்திலும் ஏறாது.

"வசந்த காலத்துல மலை நல்லா இருக்குமாம்"
என்று ஆன்சிதான் ஆரம்பித்தாள்.
எங்கள் தெருவில் வசந்தம் என்றால் பாத்திரக்கடை.
இங்கே மாசி போனால் நேரே வெயில்,
கொருக்குப்பேட்டை கேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு
சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ணும் வெயில்.
ஆனாலும் குறித்துக்கொண்டேன்: ஏப்ரல் கடைசி.
ஈஸ்டர் தாண்டி, ஜோவின் பரீட்சை தாண்டி,
அண்ணியின் சீட்டுப் பணம் கைக்கு வந்த பிறகு.

அப்புறம் ஆளுக்கொரு ஊர்.
அண்ணிக்குத் தாஜ்மகால்,
"வெளிய நின்னு ஒரு போட்டோ போதும், டிக்கெட் வேணாம்."
ஜோவினுக்குப் பனி.
ஏப்ரல்ல இருக்காதுடா என்றால்
இருக்கிற இடத்துக்குப் போவோம் என்கிறான்.
அண்ணன் நாக்பூரில் இறங்கணும் என்றார்.
நாக்பூரில் என்ன?
"நம்ம பெட்டிங்க நிறைய அந்தப் பக்கம் ஓடுது"
என்று காபி டம்ளரைப் பார்த்துச் சொன்னார்.
போட்டேன் நாக்பூரை. ஆறு மணி நேரம்.

எனக்கு எது என்று யாரும் கேட்கவில்லை.
நானும் அப்போது யோசிக்கவில்லை.

எம்.சி. ரோட்டில் ஸ்வெட்டர் கேட்டோம்.
கடைக்காரர் ஃபேனுக்கு அடியில் நின்றபடி சிரித்தார்.
பரணிலிருந்து இறங்கிய மூட்டையில்
குழந்தைக் குல்லா பதினெட்டு,
பெரியவர் அளவில் ஒன்றே ஒன்று,
முழங்கையைப் பூச்சி தின்றது.
பாதி விலைக்குத் தந்தார்.
முறை வைத்துப் போட்டுக்கலாம் என்றாள் ஆன்சி.

அறுபது நாள் முன்னால், காலை எட்டு மணி,
பெரம்பூர் கவுன்ட்டர்.
"நாலு கன்ஃபார்ம். கடைசிப் பேரு வெயிட்டிங். போடட்டா?"
படிவத்தை நிரப்பியது நான்.
கை பழக்கத்தில் என்னைக் கடைசியில் எழுதியிருந்தது.
முதுகுக்குப் பின்னால் வரிசை முனகியது.
"ஒரு நிமிஷம்" என்று வேறு படிவம் வாங்கினேன்.
என் பெயரை முதலில் எழுதினேன்.
பேனா அண்ணியில் தயங்கி, ஆன்சிக்குப் போய்,
ஜோவினை முடித்து, அண்ணனில் நின்றது.

அந்த ஒரு நிமிஷத்தில்
யாரோ எங்கோ ஒரு பெர்த்தைக் கொண்டுபோய்விட்டார்கள்.
மூன்றுதான் கன்ஃபார்ம்.
ஆம்பளைகள் இரண்டு பேரும் வெயிட்டிங்,
பதினான்கு, பதினைந்து.

வீட்டில் சொன்னபோது
குக்கர்கூட விசில் விடாமல் நின்றது.
அண்ணன் டிக்கெட்டை இரண்டு தரம் படித்தார்.
பெயர்களின் வரிசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"உனக்கு எந்த ஊரு?" என்றார்.

கல்காவுக்கும் சிம்லாவுக்கும் நடுவில்
பரோக் என்று ஒரு ஸ்டேஷன், விரலால் காட்டினேன்.
பெரிய சுரங்கம் முடிந்ததும் பிளாட்பாரம்,
பக்கத்தில் தங்க அறை இருக்காம்.
"அங்க என்ன பாக்க?"
"ஒண்ணும் இல்லண்ணா. ஒரு ராத்திரி இறங்கிக்கிறேன்,
நீங்க மேல போங்க. மறுநாள் வந்துடுவேன்."
தனியாவா என்று அண்ணி வாயெடுத்தாள்.
அண்ணன் ஜோவினின் ஸ்கேலை எடுத்து
அந்த இடத்தில் கோணலாக ஒரு புள்ளி வைத்தார்.

ஜோவின் தினமும் விடிந்ததும் போனில் பார்க்கிறான்.
பதினான்கு. பதிமூன்று. பதிமூன்று. பதிமூன்று.
இன்றைக்கு ஒன்பது என்று கத்தினான்.

ஸ்வெட்டரின் முழங்கைக்கு
அரக்கு நிற ஃபால்ஸ் துணி வைத்து அடித்துக்கொண்டிருந்தேன்.
அளவு பார்க்கப் போட்டுப் பார்த்தேன்.
கரன்ட் வேறு இல்லை. முதுகெல்லாம் ஊற்றுகிறது.
இன்னும் கழற்றவில்லை.