வீட்டோ

சனிக்கிழமை, எட்டரை ஃபெரி.
பட்டர்வொர்த் துறைமுகத்தின் சரக்குக் கப்பல்களை
கீழிருந்து அண்ணாந்து பார்த்தபடி தீவுக்குப் போகிறேன்.
வாரத்தில் ஐந்து நாள் இவற்றுக்குக் காகிதம் அடிப்பவள் நான்.
உறைந்த இறால், எண்பது பெட்டி, சேருமிடம் இன்ன துறை.
ஊர்ப் பெயர்களில் ஓர் எழுத்துகூடத் தப்பாது.
ஓர் ஊரையும் பார்த்ததில்லை.

உலக விவகாரத்தில் முதுகலை எதற்கு
என்று தவுக்கே கேட்டபோது
இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.
சம்பளம் கூடும் என்றேன்.
சிரித்தார்.
எவ்வளவு கூடும் என்பது அவர் கையில்தானே இருக்கிறது.

இன்று பாதுகாப்பு மன்ற ஒத்திகை.
மன்றத்துக்குப் பதினைந்து இருக்கை,
வகுப்பில் பதினோரு பேர்.
காலி நாடுகளுக்குத் தண்ணீர்ப் போத்தல் வைத்தார் டாக்டர் ஹர்த்தினி.
போத்தல்கள் வாக்களிக்காது, நடுநிலை என்றார்.

சீட்டுக் குலுக்கியதில்
நிரந்தர ஐவரில் ஒருவராக நான்.
முன்னால் ஓர் அட்டை.
அதில் விமலேஸ்வரி இல்லை,
அடையாளக் கார்டில் பெயரோடு ஒட்டிவரும்
‘இன்னாரின் மகள்’ இல்லை.
ஒரு நாடு, பெரிய எழுத்தில்.
முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது, வெட்கமாயிருந்தது.

சிபுவிலிருந்து வந்த லிங்குக்குக்
கடல் தின்றுகொண்டிருக்கும் தீவு.
மன்றத்தில் இடமில்லை அவனுக்கு.
அழைத்தால் வந்து பேசலாம்,
வாக்கு கிடையாது.
எழுதி வந்த தாளை மடித்து வைத்துவிட்டு
தண்ணீர் ஏறிய உயரத்தைக் கையால் காட்டினான்.
முழங்கால்.
இடுப்பு.
கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.
அது அந்தத் தீவுதானா, இல்லை சிபுவில் அவன் வீடா,
யாரும் கேட்கவில்லை.

ஆதரிப்பவர்கள்?
ஒன்பது கைகள்.
ஒன்பது போதும் என்கிறது சாசனம்.

எதிர்ப்பவர்கள்?

என் நாட்டுக்கான உத்தரவு ஒரு பக்கத் தாளில் இருந்தது,
இரண்டு முறை படித்திருந்தேன்.
கையைத் தூக்கினேன்.
இறால் பெட்டிகளை எண்ணுகிற அதே கை.
வலிக்கவே இல்லை.
அதைத்தான் குறிப்பேட்டில் எழுத நினைத்தேன்.

வகுப்பில் தமிழில் குறிப்பெடுப்பேன்,
பக்கத்து நாடுகள் எட்டிப் பார்க்க முடியாது.
‘வீட்டோ’ என்று எழுதி நிறுத்தினேன்.
ஓர் எழுத்து விட்டுப்போனது மாதிரி இருந்தது.
காலையில் காலணி மாட்டும்போது
இழையினி கதவோரம் நின்று சொன்ன சொல்
பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.
‘இன்னைக்காவது வீட்டோட இரும்மா.’

பதினெட்டு மாதமாக
சனிக்கிழமைதோறும் அவள் கொண்டுவரும் தீர்மானம்.
அப்பா ஆதரிப்பார்.
பூனையும் மடியில் ஏறி ஆதரிக்கும்.
பேச விடுவேன் அவளை,
நாகரிகமான மன்றம் எங்களுடையது.
பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

திரும்பும் ஃபெரியில் லிங்கும் வந்தான்,
பட்டர்வொர்த்தில் அவனுக்கு யாரோ சொந்தம்.
கோபமா என்றேன்.
‘நீங்க நல்லா செஞ்சீங்க அக்கா’ என்றான் மலாயில்.
அது இன்னும் மோசமாயிருந்தது.
நீரிணையின் நடுவே இரண்டு பேரும்
ஒரே பொட்டலத்துக் கச்சான் தின்றோம்.

பாகான் டாலாமில் மின்தூக்கி வேலை செய்யவில்லை.
ஐந்து மாடி.
இழையினி சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.
‘இன்னைக்கு என்ன படிச்சே?’
‘கை தூக்க.’
பென்சிலை வைத்துவிட்டு
என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
‘அதுக்கா ஃபெரி ஏறிப் போனே?
எங்களுக்கு ஒண்ணாம் ஆண்டிலேயே சொல்லிக் குடுத்துட்டாங்க.’

பைக்குள் அந்த அட்டை இருந்தது,
திருப்பிக் கொடுக்க மறந்திருந்தேன்.
வெற்றுப் பக்கத்தில் அவள் தன் பெயரை எழுதி
மேசைமேல் என் தட்டுக்கு நேரே நிறுத்தினாள்.
அவள் பக்கம் பெயர், என் பக்கம் நாடு.
பார்த்து, பார்த்து,
அட்டையைத் தன்னை நோக்கி இழுத்து
அரை வட்டம் திருப்பினாள்.

அடுத்த சனிக்கிழமை தேர்வு.
இன்னும் சொல்லவில்லை.