உள்ளுதடு

கீழுதட்டைப் பிதுக்கிக் குளியலறைக் கண்ணாடியில் பார்த்தேன்.
மூன்று வெள்ளைப் புள்ளி, சுற்றிலும் சிவப்பு.
யாரோ என் வாய்க்குள்
ஓர் ஆய்த எழுத்தை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

பீல் நகரம், பெப்ரவரி.
ஏரியின் மூட்டம் மூன்றாம் மாடி வரை ஏறியிருந்தது.
நான் மொழிபெயர்ப்பாளர். மணிக்கணக்குக் கூலி,
வாய்தான் ஆயுதம்.

ஜெர்மனில் கேள்வி எல்லாம்
பல்லால் உதட்டைத் தொட்டுத்தான் தொடங்கும்.
வேர், வாஸ், வோ, வான், வாரும்.
ஒவ்வொன்றும் புண்ணில் ஒரு குத்து.
தமிழ் கொஞ்சம் இரங்கியது:
யார், என்ன, எங்கே, ஏன்.
உதட்டுக்குத் தெரியாமலே கேட்டுவிடலாம்.
வலி என்று சொன்னால் வலித்தது.
நோ என்றேன், நோகவில்லை.
யாழ்ப்பாணத்தில் எவருக்கோ
முன்பே வாய்ப்புண் வந்திருக்க வேண்டும்.

மருந்துக்கடை ரீசர் அம்மா சின்ன டார்ச் அடித்துப் பார்த்தாள்.
அஃப்தே என்றாள்.
நோயின் பெயரைச் சொல்லவே பல் புண்ணில் பட வேண்டும்,
நடுவில் மறுபடி அதே ஆய்தம்.
"வெளியுதட்டில் கொப்புளம் என்றால் அது கிருமி, தொற்றும்.
இது உள்ளே. இது உனக்கு மட்டும்."
இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு,
கொப்பளி, விழுங்காதே. நுரைக்கும் பற்பசையை நிறுத்து.
தக்காளியும் வால்நட்டும் பாணின் காய்ந்த ஓரமும்
கொஞ்ச நாளைக்கு வேறு யாராவது சாப்பிடட்டும்.
இரத்தத்தில் இரும்பு பார்த்தாயா? நித்திரை எப்படி?
நித்திரைக்கு நான் பதில் சொல்லவில்லை.

"பதினான்கு நாள்," களிம்பை உறையில் போட்டபடி சொன்னாள்.
"அதற்குள் ஆறும்.
ஆறாவிட்டால் வைத்தியரிடம் போய் வாயைத் திற."

ஏழாம் நாள், வெள்ளி. பேர்ன் ஆஸ்பத்திரி, தாடைப் பிரிவு.
அவர் பெயரை எழுத மாட்டேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவர்,
விரல் நுனிகள் ஊறி வெளுத்திருந்தன.
அவருக்கும் புண். நாக்கின் ஓரம், ஒன்றே ஒன்று.
உப்பு, தேன், மணத்தக்காளி வற்றல், எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று.

"எத்தனை நாளா?"
"நத்தாருக்கு முன்னமே."
"பாக்குப் போடுவீங்களோ?"
"இரவு வேலையிலை. நித்திரை தூங்காமல் இருக்க."
"நோகுதா?"
"இல்லைத் தங்கச்சி, நோகேல்லை. அதாலைதான் வரேல்லை."

அவருக்காகப் பேசும்போது நான் என்றே சொல்ல வேண்டும்,
தொழில் விதி அப்படி.
எனக்கு வலி இல்லை, என்றேன் ஜெர்மனில்.
அந்த வாக்கியத்தில் இரண்டு இடத்தில் உதடு மூடும்.
இரண்டு தடவையும் கண்ணில் நீர் முட்டியது.

வைத்தியர் எழுதுவதை நிறுத்தினார்.
புதுக் கையுறை மாட்டினார்.
இரண்டு விரலால் நாக்கைப் பிடித்து, அழுத்தி,
அடி தடிப்பாக இருக்கிறது, என்றார்.
தனக்குச் சொன்னாரா எங்களுக்கா?
ஒரு கணம் தயங்கி
அதையும் சொன்னேன்.

துளி சதை எடுத்தார்கள். ஒரு தையல்.
லிஃப்டில் அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி
என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு மரத்த நாக்கால், குழறிக் குழறி:
"உங்களுக்கும் புண்ணோ? நோகுமே."
ஓம் அண்ணை, என்றேன். நல்லா நோகுது.
"பாவம்," என்றார்.

முடிவு அடுத்த வெள்ளி. அன்றும் என்னைத்தான் போட்டிருக்கிறார்கள்.

பத்தாம் நாள் ஒரு புள்ளி போனது,
அடுத்த நாள் இன்னொன்று.
இன்று பதின்மூன்று. உதட்டைப் பிதுக்கினால்
ஈரமான இளஞ்சிவப்புத் தோல், வேறொன்றும் இல்லை.
உப்புப் போத்தலை மூடி வைத்தேன்.

காலை எட்டுப் பதினைந்துக்கு ரயில்.
வேர், வாஸ், வோ என்று
இருட்டில் சும்மா சொல்லிப் பார்க்கிறேன்.
எங்கும் தட்டவில்லை.
நாளை வைத்தியர் எந்தச் சொல்லைத் தந்தாலும்
என் வாயிலிருந்து அது
நோகாமல் வெளியே வரும்.