தடையின் அலகு

பலகை எழுத வந்த பையன்
கொயிலுக்கு இரட்டைச் சுழி போட்டுவிட்டான்.
‘இங்கே கோயில் மாற்றித் தரப்படும்’
என்று அரை நாள் தொங்கியது
என்.சி. வீதியில், என் கடை வாசலில்.
இரண்டு பேர் நின்று படமெடுத்தார்கள்.
ஒருவர் சிரிக்கவில்லை.
தின்னர் தொட்டு நானே ஒரு சுழியை அழித்தேன்.
இந்த ஊரில் ஒரு சுற்றுக் கூடினால் என்ன ஆகுமென்று
கம்பி சுற்றுகிறவளுக்குத் தெரியாதா.

உடைந்த திரை, சார்ஜர் ஊசிகளுக்கு நடுவே
ஆவி இழுக்கும் கருவிகளும் வரும்.

உப்புவெளிச் சுழியோடி ஜிப்ரியிடம்
விரலளவு பொட் ஒன்று.
ஒன்று தசம் இரண்டு ஓம், பதினொரு வாட்.
குரும்பையில் துளையிட்டு உறிஞ்சுவதுபோல
இறுக்கி இழுப்பான்.
பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது.
ஏற்றித் தரவா என்றால்
‘மூச்சுத்தான் எனக்குத் தொழில், அக்கா.’

நங்கூரமிட்ட கப்பலிலிருந்து
இரண்டாம் இஞ்சினியர் கொண்டுவருவது செங்கல்.
இரண்டு பற்றரி, எண்பது வாட்.
பின்னல் கம்பி தடித்த சோம்பேறி;
முப்பதில் எழுப்பினால் கொட்டாவி விடும்,
எண்பதில் கச்சான் காற்றாய் முகத்தில் அடிக்கும்.
அதே எண்பதை ஜிப்ரியின் கொயில் கண்டால்
ஒரே இழுவையில் பஞ்சு கரி.

கன்னியாவில் ஏழு கிணறு.
ஒரே நிலம், ஏழு சூடு.
எதில் எவ்வளவு ஊற்றலாமென்று தோல் சொல்லிவிடும்.
தொண்டை சொல்லாது. பழகிவிடும்.

யோகதாசன் கொட்பேயிலிருந்து
தம்புள்ளைக்கு மீன் லொறி ஓட்டுகிறவன்.
இரவெல்லாம் ஹபரணைக் காடு, யானை, நித்திரை.
சிகரெட்டை விட்டு எட்டு மாதம் என்றான்
கடன் அடைத்தவன் குரலில்.
அவனுடையது வெறும் பித்தளைக் குழாய்.
சிப் இல்லை, திரை இல்லை.
பொத்தானை அழுத்தினால்
பற்றரிக்கு நான் சுற்றியதுதான் சட்டம்.

இருபத்தாறாம் கேஜ், ஆறு சுற்று:
தசம் எட்டு ஓம்.
அப்படி இரண்டைப் பக்கம் பக்கமாய் வைத்தால்
தசம் நான்கு.
‘ரெண்டு தடை சேந்தா கூடத்தானே வேணும்?’
ரெண்டு கதவு திறந்தா சனம் கெதியா வெளிய போகும், என்றேன்.
பேசாமல் இருந்தான்.
கணக்கை வேறெங்கோ போட்டுப் பார்க்கிறான் போல.
‘அதென்ன, எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டுறீங்கள்?’
யாரோ ஒரு ஜெர்மன்காரன் பெயர், என்றேன்.
தடையை அளக்க இந்தச் சொல்தான் கிடைத்ததா
என்று அன்றிரவு எனக்கும் தோன்றியது.

மாதத்துக்கு மாதம் ‘இன்னும் குறையுங்கோ.’
தசம் மூன்று. தசம் இரண்டு.
தசம் ஒன்று கேட்ட அன்று
பில் புத்தகத்தின் பின்னால் எழுதிக் காட்டினேன்:
நான்கு தசம் இரண்டு வோல்ட், தசம் ஒன்றால் பிரி.
நாற்பத்திரண்டு அம்பியர்.
உன் பற்றரி தாங்குவது இருபத்தைந்து.
மிச்சப் பதினேழும்
உன் கைக்குள்ளேதான் கணக்குத் தீர்க்கும்.
மாட்டேன் என்றேன்.
மிச்சக் காசை வாங்காமல் போனான்.

மூன்று கிழமை லொறி இந்தப் பக்கம் வரவில்லை.
நான் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

நாலாம் கிழமை வந்தான்.
வலது கையில் கட்டு. எண்ணினேன்:
ஏழு சுற்று.
மேசையில் வைத்த பித்தளை ஒரு பக்கம் நீலம் பாரித்திருந்தது.
‘ஆர் கட்டினது?’
‘நான்தான். யூரியூப்ல பாத்து.’
கொஞ்சம் பொறுத்து,
‘பழைய மாதிரி ஒண்டே ஒண்டு,’ என்றான்.
‘சிப் உள்ளதா ஒரு பெட்டியும் பாருங்கோ.’

சுற்றினேன். பஞ்சை நுழைத்தேன்,
இறுகாமல், தொய்யாமல். மீற்றரில் வைத்தேன்.
‘எவ்வளவு?’
தசம் எட்டு.
‘எட்டு என்ன?’
ஓம், என்றேன்.
அதைக் கேட்கத்தான் கேட்டானோ என்னவோ.
அது அலகு, என்றேன் அவசரமாக.
‘தெரியும்,’ என்றான்,
இடக்கையால் நனைந்த நோட்டுகளை எண்ணியபடி.
நூறு ரூபாய் குறைந்தது.

பழைய மிச்சக் காசு
லாச்சியில் இன்னும் கிடக்கிறது.