முன்னூற்றுப் பன்னிரண்டு

பித்தளைப் பலகைக்கு எண் கேட்டு
எழுத்து பொறிக்கும் கடையிலிருந்து
இரண்டு முறை போன் வந்துவிட்டது.
எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி.
சுருக்கமாகச் சொல்லுங்கள் என்றான்.

மார்லிஸ் டீட்மன்,
கல்லூரி டென்னிஸ் பயிற்சியாளர்,
1983 முதல் 2016 வரை.
வெற்றி 312.
தோல்வியைப் பித்தளையில் போடுகிற வழக்கமில்லை.
புள்ளிவிவரம் எழுதுகிறவன் நான்,
என் கோப்பில் இருக்கிறது: 348.

அவரை வேலைக்கு எடுத்தது வாலிபாலுக்கு.
நியமனக் கடிதத்தின் அடியில்
யாரோ பேனாவால் சேர்த்திருந்தார்கள்: ‘டென்னிஸும்.’
வாலிபால் மூன்றே வருஷத்தில் வேறொருவர் கைக்குப் போனது.
மிச்சமிருந்த அந்த ‘உம்’மில்
முப்பத்துமூன்று வருஷம் குடியிருந்தார்.

நான்கு ஆடுகளம், நான்குக்கும் சேர்த்து ஒரே விரிசல்.
ஏப்ரலில் அதில் புல் முளைக்கும்,
சமையலறைக் கத்தியால் சுரண்டி எடுப்பார்.
மேற்குக் கான்சஸ் காற்றுக்குப்
பந்தும் ஒன்றுதான், தொப்பியும் ஒன்றுதான்.
“பக்கத்து மாவட்டத்தைப் பார்த்து அடி,
கோட்டுக்குள் விழும்” என்பார்.
பெரும்பாலும் விழும்.

வேன் ஓட்டியதும் அவர்தான்.
ஐந்து மணி நேரம் போய்
ஒன்பதுக்குப் பூஜ்யம் தோற்று
ஐந்து மணி நேரம் திரும்பி வரும் வழியில்
பெட்ரோல் பங்கில் ஆளுக்கொரு பரிட்டோ.
திங்கள் காலை என் மேஜைக்கு
ஸ்கோர் தாளும் ரசீதும் சேர்ந்தே வரும்,
இரண்டிலும் சாஸ் கறை.

இரவில் போன் போட்டு ஆள் தேடுவார்.
குரோஷியாவிலிருந்து நெவெங்கா என்றொரு பெண்
அங்கே கடல் இருக்கிறதா என்று கேட்டாள்.
“இருந்தது,” என்றார் மார்லிஸ்,
“பல கோடி வருஷத்துக்கு முன்பு.”
அவள் வந்தாள். நான்கு வருஷம் ஆடினாள்.
போகும்போது சிப்பி பதிந்த ஒரு சுண்ணாம்புக்கல்லை
பெட்டியில் வைத்துக்கொண்டு போனாள்.

போன வாரம் என் அறைக்கு வந்தார்.
உட்காரவில்லை.
“ஒன்றைக் குறைத்துக்கொள்” என்றார்.

1994, ஏப்ரல் பதினாறு, வெளியூர்.
நாலுக்கு நாலு. மீதி ஒரே இரட்டையர் ஆட்டம்.
தன் பக்கத்துக் கோட்டுக்கு
ஆடுகிறவளே நீதிபதி, அதுதான் விதி.
எங்கள் ட்ரூடி விரலைத் தூக்கினாள்: அவுட்.
வேலிக்குப் பின்னால், கோட்டுக்கு நேரே
மார்லிஸ் நின்றிருந்தார்.
வெள்ளைப் பெயிண்ட்டின் மேல் மஞ்சள்.
பார்த்தார்.
ட்ரூடி திரும்பி அவரைப் பார்த்தாள்.
ஒரு வார்த்தை போதும்.
அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

எதிரணிப் பெண் எதுவும் கேட்கவில்லை,
வலைக்கு வந்து கை கொடுத்தாள்.
வேனில் எல்லோரும் பாடினார்கள்,
ட்ரூடியும்தான், கொஞ்சம் உரக்கவே.

“அந்த வருஷம் அணியையே கலைப்பதாகப் பேச்சு,” என்றார்.
“சாக்கு சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.”

நான் ஒன்றைக் குறைத்தால்
அவர்கள் ஒன்றைக் கூட்டவேண்டும் என்றேன்.
அந்தக் கல்லூரி மூடிப் பதிமூன்று வருஷம்.
ஆடுகளத்தில் இப்போது தானியக் கொட்டகை.
திருப்பிக் கொடுக்க ஆளில்லாத ஒரு வெற்றியை
எந்தப் பத்தியில் எழுதுவது?
“உனக்குத்தானே சம்பளம்” என்றுவிட்டுப் போனார்.

மூன்றாம் முறை போன் அடிக்கிறது.
ஜன்னலுக்கு வெளியே மழை விட்டிருக்கிறது.
நேற்றோடு ஓய்வு பெற்றவர்
ரப்பர் துடைப்பத்தால் தண்ணீர் தள்ளிக்கொண்டிருக்கிறார்.
இன்று ஆட்டம் எதுவுமில்லை.

எண் வேண்டாம் என்றேன் கடைக்காரனிடம்.
பெயர், வருஷம்,
அதன் கீழே ‘டென்னிஸும்.’
“‘உம்’ எதற்கு?
முன்னால் ஏதாவது விட்டுப்போச்சா?” என்றான்.
ஆமாம், விட்டுப்போச்சு.
இருக்கட்டும், அப்படியே பொறி.